மீன்பிடிக்க ஃப்ளோட் டியூப் வாங்கப் போகிறீர்களா? ஏரியில் தொடங்கி வால்வு வரை பார்க்க வேண்டியவை

கலிஃபோர்னியாவில் மீன்பிடிக்கப் போகும் நம் ஆட்களில் பெரும்பாலோர் கரையோடு நின்றுவிடுகிறார்கள். மோட்டார் படகு என்றால் டிரெய்லர், பதிவு, நிறுத்த இடம் என்று செலவு நீண்டுகொண்டே போகும். கயாக்கைத் தூக்கிக்கொண்டு அபார்ட்மெண்ட் மூன்றாம் மாடிக்கு ஏறவும் முடியாது. காற்றை இறக்கினால் கார் டிக்கியின் ஒரு மூலையில் அடங்கிவிடுகிற ஃப்ளோட் டியூப் இவர்களுக்காகவே இருக்கிறது, ஆனால் அதை வாங்கும்போது விலையையும் நிறத்தையும் எத்தனை கப் ஹோல்டர் என்பதையும் பார்த்து வாங்கிவிட்டு, இரண்டு முறை போனதும் முதுகு வலிக்கிறது, குளிர்கிறது, கால் கடுக்கிறது என்று கராஜில் போட்டுவிடுகிறார்கள்.

ஊர்க் கிணற்றில் லாரி டியூப் போட்டு நீச்சல் பழகியவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் இது அந்த லாரி, டிராக்டர் டியூபில்தான் ஆரம்பித்தது. டியூபின் மேல் கான்வாஸ் உறை, நடுவில் தொட்டில் மாதிரி ஒரு இருக்கை, அவ்வளவுதான். இன்றைக்கு வருவதில் சாய்மானம், பைகள், ராட் (தூண்டில் கம்பு) தாங்கி எல்லாம் இருக்கின்றன, ஆனால் வேலை செய்யும் விதம் மாறவில்லை. உட்கார்ந்திருக்கிறோம், கால் தண்ணீரில் தொங்குகிறது, காலில் மாட்டிய ஃபின்னை, அதாவது வாத்துப் பாதம் மாதிரியான துடுப்பை, உதைத்தால் முதுகுப் பக்கமாக நகர்கிறோம், இரண்டு கையும் தூண்டிலுக்கு மிச்சம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்ஜெட் குறைவு என்றால் டியூபில் குறையுங்கள், ஃபின்னிலும் லைஃப் ஜாக்கெட்டிலும் குறைக்காதீர்கள். டியூபில் காசு போட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான், அது இருக்கை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

படி 1: டியூபுக்கு முன்னால் ஏரியை முடிவு செய்யுங்கள்

ஃப்ளோட் டியூப் நிற்கிற தண்ணீருக்கானது. ஆற்றுக்கு எடுத்துப் போகவே கூடாது. நீரோட்டம் உங்கள் ஃபின்னைவிட வேகமாக இழுக்கும், கீழே தொங்கும் கால் பாறை இடுக்கிலோ மூழ்கிய மரக்கிளையிலோ மாட்டினால் தண்ணீரின் அழுத்தமே உங்களைக் கவிழ்த்துவிடும். "மெதுவாகத்தான் ஓடுகிறது" என்று யாராவது சொன்னாலும் வேண்டாம்.

ஏரி என்று வந்தால், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அது குடிநீர் நீர்த்தேக்கமா என்பதை. கலிஃபோர்னியாவில் குடிநீருக்கான பல நீர்த்தேக்கங்களில் உடல் தண்ணீரில் படக்கூடாது என்று விதி உண்டு. ஃப்ளோட் டியூபில் பாதி உடம்பு தண்ணீரில்தானே இருக்கிறது, அதனால் சில இடங்களில் தடை, சில இடங்களில் வேடர் (பாதத்திலிருந்து மேலே மூடும், தண்ணீர் புகாத உடை) போட்டால் மட்டும் அனுமதி. வீட்டுப் பக்கத்து ஏரி என்று நம்பி டியூப் வாங்கிவிட்டு வாசலில் திருப்பி அனுப்பப்படுவதைவிட ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது லாஸன் எரிமலை தேசியப் பூங்காவில் இருக்கிற மன்ஸனிட்டா ஏரி. சுமார் 5,900 அடி உயரம். கிட்டத்தட்ட 350 ஆண்டுகளுக்கு முன் மலைச் சரிவு ஒன்று இடிந்து விழுந்து ஓடையை அடைத்ததில் உருவான ஏரி. சுற்றி நடந்தாலே இரண்டு மைலுக்குள் முடிந்துவிடும், மோட்டாருக்கு அனுமதி இல்லை, எங்கே இருந்தாலும் கரை கண்ணெதிரே இருக்கும். ரெயின்போ, பிரௌன் என்று இரண்டு வகை ட்ரவுட் மீனும் உண்டு. பிடித்ததைத் திரும்ப விட வேண்டும், செயற்கை இரை மட்டுமே, எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கிதான் என்பதெல்லாம் அங்கே விதி. மீனைச் சமைக்க ஆசைப்படுபவர்கள் வேறு ஏரி பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமத் லேக்ஸ் பக்கத்தில் இருக்கும் க்ரௌலி ஏரி அடுத்த கட்டம். 1941இல் லாங் வேலி அணை கட்டி லாஸ் ஏஞ்சலிஸ் தண்ணீருக்காகத் தேக்கிய ஏரி. அங்கே மக்கீ பே என்ற பகுதியில் ஃப்ளை (பூச்சி மாதிரிக் கட்டிய செயற்கை இரை) போட்டு மீன்பிடிப்பவர்கள் ஃப்ளோட் டியூபில் வரிசையாக உட்கார்ந்து, மிதவைக்குக் கீழே மிட்ஜ் எனப்படும் குட்டிப் பூச்சியின் கூட்டுப்புழு மாதிரியான ஃப்ளையைத் தரைக்கு ஓர் அடி மேலே தொங்கவிட்டு, அசையாமல் காத்திருப்பார்கள். காலையில் கண்ணாடியாக இருக்கிற தண்ணீர், மதியம் காற்று கிளம்பினால் ஆளே மாறிவிடும். நெவாடாவின் பிரமிட் ஏரி மாதிரி பெரிய, திறந்த ஏரிகளை ஆரம்பத்தில் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

ஏரியை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அடுத்து வரும் எல்லா முடிவும் இதைப் பொறுத்தே இருக்கிறது. சிறிய, காற்றில்லாத ஏரிக்கு எந்த டியூபும் ஓடும். குளிர்ந்த மலை ஏரி என்றால் இருக்கை உயரம் முக்கியம். ஒரு மணி நேரம் நடந்து போய்ச் சேரும் சியரா நெவாடா மலை ஏரி என்றால் எடைதான் எல்லாம், சாதாரண டியூப் 5 முதல் 9 கிலோ வரை இருக்கும், அதோடு வேடர், ஃபின், ஜாக்கெட், பம்ப் என்று சேர்த்துத் தோளில் சுமந்து பாருங்கள், தெரியும்.

படி 2: எடைக் கணக்கு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சந்தையில் இருக்கிற டியூப்களின் தாங்கும் எடை பெரும்பாலும் 250 முதல் 350 பவுண்டு வரை. உங்கள் எடையோடு வேடர், பூட், ஃபின், லைஃப் ஜாக்கெட், இரைப்பெட்டி, தண்ணீர் பாட்டில், கட்டுச் சோறு எல்லாவற்றுக்கும் 25 முதல் 30 பவுண்டு கூட்டுங்கள். வரும் தொகை டியூப் தாங்கும் எடையில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. 180 பவுண்டு ஆள் என்றால் 210 ஆகிறது, 250 பவுண்டு டியூப் மூழ்காது, ஆனால் தாழ்ந்து உட்காரும், தண்ணீரை அதிகம் தள்ள வேண்டியிருக்கும், கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அவருக்கு 300 பவுண்டு டியூப் நல்லது. ரொம்பப் பெரியதும் தொந்தரவுதான், லேசான ஆள் பெரிய டியூபில் உயரமாக மிதந்தால் காற்று அதைப் பாய்மரம் மாதிரி பிடித்துத் தள்ளும்.

படி 3: வடிவம்

மூன்று வடிவம். வட்டம், யூ, வி.

வட்டம் என்பது உளுந்து வடை. நடுவில் நீங்கள். விலை குறைவு, பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கும். சுற்றிலும் காற்று இருப்பதால் கவிழ்வது கஷ்டம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏறும்போது ஃபின் மாட்டிய காலை அந்த ஓட்டைக்குள் விட்டு, டியூபை இடுப்புக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகத் தண்ணீருக்குள் நடக்க வேண்டும். வெளியே வரும்போதும் அதே கூத்து, அதுவும் மூன்று மணி நேரம் குளிரில் இருந்து கால் மரத்துப்போன பிறகு. அவசரத்தில் உடனே வெளியேற முடியாது என்பதால் இதை யாருக்கும் நான் சொல்வதில்லை, சும்மா கிடைத்தாலும்கூட.

யூ வடிவத்தில் முன்பக்கம் திறந்திருக்கும். உட்கார்ந்த பிறகு டியூபின் இரண்டு கைக்கும் நடுவே ஒரு குறுக்குக் கம்பி மாட்டுவார்கள், அது இரண்டு பக்கமும் விரியாமல் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் மடிக்கு நேராக ஒரு வலைத்துணி வரும், இழுத்த ஃப்ளை லைன் (தூண்டில் நூல்) அதன்மேல் விழும், மீன் அளக்க அங்குலக் குறிகளும் அதில் இருக்கும். ஏறுவது இறங்குவது எளிது, அகலமாக உட்காரும், ஆடாது. பின்பக்கம் வட்டமாக இருப்பதால் உதைக்கும்போது தண்ணீர் முதுகில் முட்டும், வேகம் குறைவு.

வி வடிவம் இரண்டு குழாய்கள் முதுகுக்குப் பின்னால் கூராகச் சேர்வது. நாம் நகர்வது பின்பக்கமாக என்பதால் அந்தக் கூர்முனைதான் தண்ணீரைக் கிழிக்கும். ஒரே உதைக்கு அதிக தூரம் போகும், காற்றில் திசை பிடிப்பதும் சுலபம். அவுட்காஸ்ட் நிறுவனத்தின் ஃபிஷ் கேட் 4, கிளாசிக் ஆக்ஸஸரிஸின் கம்பர்லேண்ட் போன்றவை இந்த வகையில் பரவலாகப் புழங்குகின்றன. சிறிய குளத்தில் பாஸ் மீன் பிடிக்க மட்டும் என்றால் யூ போதும். மலை ஏரி, காற்று, கொஞ்சம் தூரம் என்றால் யோசிக்காமல் வி.

படி 4: இருக்கை, இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும்

கடையில் விற்பவர் பைகளைத் திறந்து திறந்து காட்டுவார். நீங்கள் இருக்கையைப் பாருங்கள்.

பழைய வட்ட டியூபில் இருக்கை என்பது தொங்கும் துணிப்பட்டை. அதில் உட்கார்ந்தால் இடுப்பு வரை தண்ணீர். ஜூலையில் பரவாயில்லை, மே மாத மலை ஏரியில் அரை மணி நேரத்தில் பல் தந்தியடிக்கும், அப்புறம் அடிக்கடி சிறுநீர் முட்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்து வேடரைக் கழற்ற வேண்டும். இந்த ஒரு விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, ஆனால் ஒரு நாள் மீன்பிடிப்பை அதிகம் கெடுப்பது இதுதான்.

வி வடிவங்களில் தடித்த ஃபோம் இருக்கையோ காற்றடைக்கும் இருக்கையோ வரும். அதில் உட்கார்ந்தால் தண்ணீர் தொடைக்கு அல்லது முழங்காலுக்கு மேலே கொஞ்சம் வரைதான். உடம்பு சூடாக இருக்கும், உயரமாக இருப்பதால் தண்ணீருக்குள் பார்வையும் நன்றாகப் போகும், பின்னால் வீசும் ஃப்ளை லைன் தண்ணீரைத் தொடாது.

அப்படியானால் எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லதா? கிடையாது. உயரம் கூடக் கூட உங்கள் எடை மேலே போகிறது, அலையில் ஆட்டம் கூடும். இன்னொன்று, ஐந்தடி மூன்று அங்குலம் நான்கு அங்குலம் உயரமுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: இருக்கை அதிக உயரமாக இருந்தால் கால் போதுமான ஆழத்துக்குப் போகாது. ஃபின்னின் பாதி தண்ணீர் மட்டத்தில் சலசலவென்று அடித்துக்கொண்டிருக்கும், டியூப் நகராது, மீனும் ஓடிவிடும். உட்கார்ந்து முழங்காலை லேசாக மடித்தால் பாதம் முழுதும் இருக்கைக்குக் கீழே நன்றாகத் தொங்க வேண்டும். கடையில் காட்சிக்கு வைத்திருப்பதை இரண்டு பெட்டிமேல் தூக்கி வைத்து உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள், நல்ல மீன்பிடிக் கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

இருக்கையின் ஆழத்தையும் பாருங்கள். இருக்கைப் பலகையின் முன்விளிம்பு முழங்காலின் பின்பக்கம் அழுத்தினால் இருபது நிமிடத்தில் கால் மரத்துப்போகும், விளிம்புக்கும் முழங்காலுக்கும் நடுவில் மூன்று நான்கு விரல் இடைவெளி இருக்க வேண்டும். சாய்மானம் முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்குகிறதா என்பது அடுத்தது. உதைக்கும்போது முழு பலமும் அந்தச் சாய்மானத்தின் மேல்தான் போகிறது, அது பின்னால் மடங்கினால் இடுப்புதான் வேலை செய்யும். பட்டையால் இறுக்கிச் சரிசெய்யும் வசதி கட்டாயம் இருக்கட்டும்.

படி 5: உறைக்குள் இருப்பது

வெளியே தெரிவது நைலான் அல்லது பாலியெஸ்டர் உறை, அடியில் கெட்டியான பிவிசி பூச்சு. காற்று இருப்பது உள்ளே இருக்கிற பிளாடர் என்ற காற்றுப் பையில். அது வினைல் அல்லது யூரிதேன்.

வினைல் மலிவு, கனம், குளிரில் விறைக்கும், பழசானால் மடிப்புகளில் வெடிக்கும். யூரிதேன் லேசு, நெகிழும், விலை கூட. வருடத்துக்கு நாலைந்து தடவை, கோடையில் மட்டும் என்றால் வினைல் தாராளமாகப் போதும். மலை ஏரிக்கு மாதா மாதம் போகிறவர் யூரிதேனுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் இல்லை. ஓட்டை அடைக்கும் பசை, ஒட்டு இரண்டுக்கும் வேறு வேறு, உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்து வைத்துக்கொண்டு அதற்குரியதை வாங்கிப் பையில் போட்டுவையுங்கள்.

முக்கியமான கேள்வி எத்தனை தனித்தனிக் காற்றறை என்பதே. இடது வலது இரண்டும் தனி, இருக்கை அல்லது சாய்மானம் மூன்றாவது என்று இருந்தால், ஒன்று இறங்கினாலும் மற்றது பிடித்துக்கொண்டு கரை சேரலாம். ஒரே பெரிய பிளாடர் சுற்றி வருகிற மாடல்களும் உண்டு. அவற்றில் சாய்மானத்தில் இருக்கும் காற்றுதான் மிச்சத் துணை, அது போதுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வால்வு பெரியதாக, திருகி மூடுவதாக, கையுறையோடும் பிடிக்க வசதியாக இருக்கட்டும். சைக்கிள் டயர் வால்வு மாதிரி சின்னதாக இருந்தால் நிரப்பவும் நேரம், இறக்கவும் நேரம். எந்த வால்வானாலும் அதற்குப் பொருந்தும் முனை உங்கள் பம்பில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள், ஏரிக்கரையில் அந்தத் துண்டு பிளாஸ்டிக் இல்லாவிட்டால் நாள் போச்சு. பெட்ரோல் பங்க் காற்றுக் குழாயை இதில் வைக்கவே வைக்காதீர்கள். அது கார் டயருக்கான அழுத்தம், இது சில பவுண்டு அழுத்தத்தில் நிற்கும் சாமான்.

படி 6: ஃபின்

டியூபுக்கு எஞ்சின் உங்கள் கால், அந்த எஞ்சினுக்குச் சக்கரம் ஃபின். 200 டாலர் டியூபும் 80 டாலர் ஃபின்னும் வைத்திருப்பவர், 400 டாலர் டியூபோடு இலவசமாக வந்த ஃபின் மாட்டியவரைக் காற்றில் தாண்டிப் போவதை எந்த ஏரியிலும் பார்க்கலாம்.

இரண்டு வகை. வேடரின் மேல் பூட் போட்டு, பூட்டின் மேல் பட்டையால் கட்டும் அகலமான ஃபின் ஒன்று. பூட் இல்லாமல் நியோபிரீன் (ரப்பர் மாதிரித் தடித்த பொருள்) காலுறை மேல் மாட்டும் டைவிங் வகை இன்னொன்று. டைவிங் ஃபின் தண்ணீருக்குள் அருமை, ஆனால் கரையில் கல்லும் முள்ளும் இருந்தால் காலுக்குப் பாதுகாப்பு இல்லை, காற்றடித்து வேறு கரையில் ஒதுங்க நேர்ந்தால் கார் வரை நடக்க வேண்டியது அந்தக் காலுறையில்தான். அதனால் பூட் மேல் மாட்டும் வகையே என் தேர்வு.

வாங்கும்போது பூட்டைக் கையில் எடுத்துப் போங்கள். ஃபின் அளவு உங்கள் பாத அளவைப் பார்த்து அல்ல, பூட்டின் வெளி அளவைப் பார்த்துப் பொருந்த வேண்டும். பூட் நுனி இறுக்கமாக உட்கார்ந்து, குதிகால் பட்டையை இழுத்தபின் ஃபின் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க வேண்டும். பிளேடு ரொம்ப விறைப்பாக இருந்தால் முழங்கால் பழுதாகும், ரொம்ப நெகிழ்ந்தால் உதை வீணாகும். கையில் பிடித்து நுனியை மடக்கினால் வளைந்து, விட்டவுடன் சட்டென்று திரும்ப வேண்டும்.

எல்லா ஃபின்னுக்கும் கணுக்காலில் கட்டும் கயிறு ஒன்று போடுங்கள். சேற்றில் கால் வைத்து இழுக்கும்போது ஃபின் கழன்று அங்கேயே நிற்கும், சிலது மூழ்கவும் செய்யும். ஒற்றை ஃபின்னோடு உதைத்தால் டியூப் வட்டமடிக்கும், கரைக்கு வராது.

உதைப்பது தொடையிலிருந்து இல்லை, முழங்காலுக்குக் கீழே மட்டும், மெதுவாக, மாற்றி மாற்றி. அவசரப்பட்டால் மூச்சு வாங்கும், வேகம் கூடாது. நல்ல ஃபின்னில் நிதானமாக உதைத்தால் மணிக்கு ஒரு மைல், ஒன்றரை மைல். அவ்வளவுதான் உங்கள் வேகம், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், காற்று பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

படி 7: வேடரும் லைஃப் ஜாக்கெட்டும்

மார்பு வரை வரும் வேடர்தான், இடுப்பு வேடர் வேண்டாம். காற்றோட்டமுள்ள மெல்லிய வேடர் வாங்கி, உள்ளே குளிருக்கு ஏற்ப ஃப்ளீஸ் அடுக்கிக்கொள்வது எல்லாப் பருவத்துக்கும் ஒத்துவரும். நியோபிரீன் வேடர் குளிர்காலத்துக்கு நல்லது, கோடையில் கரையில் நடந்தாலே வேர்த்துக் கொட்டும். ஜீன்ஸ், பருத்தித் துணி உள்ளே வேண்டாம், ஈரமானால் காயாது. இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், கவிழ்ந்தால் வேடருக்குள் தண்ணீர் வேகமாக ஏறாமல் தடுப்பது அதுதான்.

லைஃப் ஜாக்கெட் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. சட்டம் என்ன சொன்னாலும் போடுங்கள், நீச்சல் தெரிந்தாலும் போடுங்கள். மலை ஏரித் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதலில் மூச்சு திணறும், நீச்சல் ஞாபகம் வருவதற்கே நேரமாகும். சாய்மானத்தில் முதுகை உறுத்தாதபடி பின்பக்கம் மெல்லியதாக, முன்பக்கம் கனமாக இருக்கிற கயாக் மீன்பிடி ஜாக்கெட் வசதி. காற்றடைக்கும் வகை இன்னும் வசதி, ஆனால் அதில் தானாக விரிவதைவிடக் கயிறு இழுத்து விரிப்பது ஃப்ளோட் டியூபுக்கு ஏற்றது, இல்லையென்றால் பெரிய அலை ஒன்று நெஞ்சில் அடித்தாலே படாரென்று விரிந்து நிற்கும். அமெரிக்காவில் காற்றடைக்கும் ஜாக்கெட்டுக்கான அங்கீகாரம் 16 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும், பிள்ளைகளுக்கு ஃபோம் வைத்ததுதான். ஒரு விசிலும் கட்டிக்கொள்ளுங்கள். மோட்டார் படகு ஓடும் ஏரி என்றால் பச்சை, சாம்பல் நிற டியூபைத் தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது, ஆரஞ்சுத் தொப்பி ஒன்றாவது போடுங்கள்.

படி 8: வாங்கும் இடத்தில்

புதியது 150 டாலரிலிருந்து 400 வரை போகும். பழையது அதில் பாதிக்குக் கிடைக்கும், நிறையப் பேர் ஒரு சீசன் ஓட்டிவிட்டு விற்றுவிடுவதால் நல்ல நிலையிலேயே வரும். பழையது என்றால் இவற்றைப் பாருங்கள்.

ஜிப்பைத் திறந்து பிளாடரை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மடிப்புகளில் வெள்ளைக் கோடு, பிசுபிசுப்பு, பூஞ்சை வாடை இருந்தால் விட்டுவிடுங்கள். ஜிப்பின் பற்கள் எல்லாம் சேர்கின்றனவா, தையல் நூல் வெயிலில் வெளுத்துப் பொடிகிறதா, விரலால் இழுத்துப் பாருங்கள். பிளாடர் மாற்றலாம், ஜிப் போனால் உறையே போனது மாதிரி.

வீட்டுக்கு எடுத்து வந்ததும் நன்றாகக் காற்றடித்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் லேசாகத் தளர்ந்திருந்தால் பதற வேண்டாம், இரவுக் குளிரில் காற்று சுருங்கும், அறை சூடானதும் திரும்பக் கெட்டியாகும். சூடான பிறகும் தொளதொளவென்று இருந்தால்தான் ஓட்டை. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும், முதலில் வால்வைச் சுற்றித் தடவுங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

படி 9: முதல் நாள்

மீன்பிடி உரிமம் 16 வயது முதல் வேண்டும், கலிஃபோர்னியாவில் இப்போது வாங்கிய நாளிலிருந்து 365 நாள் செல்லும். சரி, அது கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டிலேயே முழுதாகக் காற்றடித்துக் கார் மேல் கட்டிக்கொண்டு மலையேறாதீர்கள். 6,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உள்ளே அடைபட்ட காற்று வெளியே தள்ளும், ஜிப்போ தையலோ வாயைப் பிளக்கும். ஏரிக்கரையில் நிரப்புங்கள். ஜிப்பை முழுதும் மூடிவிட்டுப் பாதி நிரப்பி, உறையைத் தடவித் தட்டிப் பிளாடரின் சுருக்கம் போன பிறகு மீதியை நிரப்புங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் மட்டும் உள்ளே போக வேண்டும். பிறகு தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், குளிர்ந்த தண்ணீரில் தளர்ந்திருக்கும், இன்னும் கொஞ்சம் அடியுங்கள். அதேபோல மதியச் சாப்பாட்டுக்குக் கரையேறினால் டியூபை வெயிலில் போடாதீர்கள், நிழல் இல்லையென்றால் கொஞ்சம் காற்றை இறக்கி வையுங்கள்.

ஏறுவது இப்படி. தண்ணீர் ஓரத்தில் டியூபை வைத்து, அதில் உட்கார்ந்தே ஃபின் மாட்டுங்கள். எழுந்து, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நடங்கள். முன்பக்கம் நடந்தால் ஃபின் நுனி மண்ணில் குத்தி மூக்குக் குப்புற விழ வேண்டியதுதான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததும் உட்காருங்கள், குறுக்குக் கம்பியை மாட்டுங்கள், ஒரு உதை. திரும்பும்போது முதுகுப்பக்கம் கரைக்கு வரும், குதிகால் தரையைத் தொட்டதும் முதலில் ராடை ஓரமாக வைத்து, கம்பியைக் கழற்றி, அப்புறம் எழுங்கள். அடியில் சேறு என்றால் இடத்தை மாற்றுங்கள், சேற்றில் ஃபின்னோடு எழுந்து நிற்க முயல்வது நல்ல பழக்கமில்லை. இந்த ஏறி இறங்குவதைத் தூண்டிலே எடுக்காமல் நாலைந்து தடவை செய்து பழகிவிடுங்கள்.

இனி காற்று. உங்கள் வேகம் மணிக்கு ஒன்றரை மைல் என்றேன் இல்லையா, அலையின் உச்சியில் வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்துவிட்டால் அந்த வேகத்தில் எதிர்த்து வர முடியாது. அதனால் போகும்போதே காற்றை எதிர்த்துப் போங்கள், சோர்ந்து திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரட்டும். சியரா ஏரிகளில் மதியத்துக்கு முன்பே காற்று எழும்பும் நாட்கள் அதிகம், விடிந்ததும் இறங்கிப் பதினோரு மணிக்குள் மீன்பிடிப்பை முடித்துக்கொள்வதாகத் திட்டமிடுங்கள். மாட்டிக்கொண்டால், புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும் என்று உதைத்துச் சாகாதீர்கள், காற்று தள்ளும் பக்கத்துக் கரைக்குச் சாய்வாகப் போய் இறங்கிக் காருக்கு நடந்து வாருங்கள். பூட் போட்டிருப்பது இதற்காகத்தான். இடி சத்தம் கேட்டால் மீன் தூண்டிலில் இருந்தாலும் கிளம்புங்கள், கையில் இருக்கும் ராட் மின்சாரம் கடத்தும் கிராஃபைட்.

நங்கூரம் விற்பார்கள், முதல் வருடம் வாங்காதீர்கள். காற்று திடீரென்று எழும்பும்போது கயிற்றில் கட்டுண்டு நிற்கும் டியூப் அலைமேல் ஏறாது, இழுபடும். வாங்க வேண்டியது நீளமான பிடியுள்ள ரப்பர் வலை. பாஸ் மாதிரி முதுகு முள் உள்ள மீனை மடிமேல் துள்ளவிட்டால் வேடரில் ஓட்டை விழும்.

கடைசி வேலை: கழுவி, வடித்து, காயவைப்பது

ஏரியிலிருந்து ஏரிக்குப் படகிலும் சாமான்களிலும் தங்கும் தண்ணீரோடு பரவும் குவாகா மட்டி 2007இல் நெவாடா, அரிசோனா எல்லையில் உள்ள மீட் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்தே மேற்கு மாநிலங்களில் படகுச் சோதனை கடுமை. 2024 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் துறைமுகத்தில் அதே மாதிரிப் பரவும் தங்க மட்டியும் தென்பட்டது, வட அமெரிக்காவில் அதுதான் முதல் முறை. அதற்குப் பிறகு கலிஃபோர்னியாவில் பல நீர்த்தேக்கங்கள் படகுகளுக்குத் தடையோ காத்திருப்புக் காலமோ விதித்துவிட்டன. ஃப்ளோட் டியூபை எப்படிப் பார்ப்பார்கள் என்பது ஏரிக்கு ஏரி வேறுபடும், கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த ஏரியின் அறிவிப்பைப் பாருங்கள்.

டியூபில் தண்ணீர் நிற்கும் இடங்கள் நிறைய: ஜிப் மடிப்பு, பைகளின் மூலை, ஃபோம் இருக்கையின் உறை, ஃபின்னின் பாதக்குழி, பூட்டின் அடி. எல்லாவற்றையும் கரையிலேயே கவிழ்த்து உதறிவிட்டு, வீட்டில் நல்ல தண்ணீரால் கழுவி, பிளாடரைத் தனியே எடுத்து, உறையின் உட்புறம் வெளியே தெரியும்படி நிழலில் தொங்கவிடுங்கள். உறை காய இரண்டு மூன்று நாள் ஆகும். காய்ந்த பிறகு இறுக்கமாக மடித்து வைக்காமல், கொஞ்சம் காற்றோடு கராஜ் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுங்கள், கீழே வைத்தால் எலி நைலானைக் கடித்துவிடும்.